அவள் மூடி வைக்கச் சொன்ன படங்கள்

தன் மேனியில் பாதியைப் பரிந்து கொடுத்தவனே, அந்தப் பாதியில் அமர்ந்து அவனை நிறைவாக்கியவளே, செங்கோட்டு மலையுச்சியில் ஒரே திருவுருவாய் நிற்கும் அம்மையப்பரே, உம் திருவடிகளைத் தலைமேற்கொண்டு தொடங்குகிறேன். சொல்லத் தகாதது எதுவும் என் கை வழியே வெளிப்படாதபடி காத்தருள்க.

இன்று ஐப்பசி அமாவாசை. கேதார கௌரி நோன்பு நிறைவுறும் நாள். அம்மை தவமிருந்து இறைவனின் இடப்பாகத்தைப் பெற்ற நாளென்று எங்கள் திருச்செங்கோட்டில் இதைக் கொண்டாடுவார்கள். மருமகள் விடியலிலேயே அதிரசமும் வெற்றிலை பாக்கும் வைத்துப் படைத்து, நோன்புக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறாள். இதுவரை அந்த நோன்பை இந்த வீட்டில் எடுத்தவள் என் மனைவி. அவள் இல்லாமல் வந்த முதல் தீபாவளியில் துக்கம் காத்தோம். இது இரண்டாவது.

கூடத்தில் இருக்கும் கணினியின் முன்னால் அமர்ந்து இதை எழுதுகிறேன். எழுதப் போவதும் இதைப் பற்றித்தான்.

நான் சர்க்கரை ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஞாயிறுதோறும் அன்பர்கள் சிலர் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். பதிகங்களைப் பண்ணோடு பாடுவோம். பாடுவதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டபோது, மகன் தன் போர்வெல் வண்டிக் கணக்குக்காக வாங்கியிருந்த கணினியை எனக்கு விட்டுக்கொடுத்தான். வண்டியோடு வடக்கே போனால் அவன் திரும்பி வர மாதக்கணக்காகும். ஆகவே கணினி என் பொறுப்பில் வந்தது என்று சொல்லலாம். உண்மையில் அது எவர் பொறுப்பிலும் இல்லை. பங்காளி வீட்டார் சீர் அழைப்பிதழ் அடிக்க வருவார்கள். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அதில் கார் ஓட்டி விளையாடுவார்கள். அதற்குப் பூட்டு என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். உறவினர் கைவைக்கும் பொருளுக்குப் பூட்டுப் போடுவது எங்கள் பக்கத்தில் முகத்தில் அடிப்பதைப் போன்றது.

மனைவியின் இடப்புற மார்பில் கட்டி இருப்பது தெரிந்தபோது, அதை அவள் பல மாதங்களாக அறிந்தே இருந்தாள் என்பதும் தெரிந்தது. அவளுடைய தாயாருக்கும் இதே நோய். வெட்கத்தால் எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, புண்ணாகி உடைந்த பிறகே அந்த அம்மையாரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சேந்தமங்கலத்தில் இருந்த மகன், அதாவது என் மனைவியின் அண்ணன், கடைசி நாட்களில் தாயைக் கையில் அள்ளித் தூக்கிக் கழுவியவர். அதன்பின் அவர் நெடுங்காலம் சரியாக உண்ணவில்லை, ஒருவரோடும் பேசவில்லை என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

கோவையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மார்பை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அண்ணனிடம் மட்டும், "சின்னக் கட்டிங்கண்ணா, எடுத்துட்டாங்க" என்று அவளே தொலைபேசியில் சொன்னாள். அவர் அவளை விட இரண்டு வயது மூத்தவர். வீட்டில் அவளைப் பாப்பா என்றே அழைப்பார்.

மயக்கம் தெளிந்த மறுநாள் அவள் என்னிடம் சொன்னது மறக்கவில்லை. "மலை மேல சாமிக்கு எந்தப் பக்கம் அம்மனோ, அந்தப் பக்கத்த எங்கிட்ட இருந்து எடுத்துட்டாங்க பாத்தீங்களா. நீங்க பாடறப்ப இனி என்னையும் ஒருதரம் நெனச்சுக்கோணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எத்தனையோ ஆண்டுகள் அந்தத் திருவுருவத்தைப் பாடியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் குரல் கம்மும். உடன் பாடுவோர் சளி என்று நினைத்துக்கொண்டார்கள்.

காயம் ஆறுவதற்கு நாளாகும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் கோவைக்கு அலைய வேண்டாம், மாலையில் கட்டுப் பிரிக்கும்போது காயத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார் மருத்துவமனைச் செவிலியர். படங்களை அழித்துவிட வேண்டாம், அடுத்த முறை வரும்போது வரிசையாகப் பார்த்தால் காயம் ஆறும் விதம் மருத்துவருக்குப் புரியும் என்றும் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அதன்படியே நான் கட்டுப் பிரித்துத் துடைத்து, செல்பேசியில் படம் எடுத்து அனுப்பி வந்தேன்.

எங்கள் வீட்டில் செல்பேசியும் கணினியைப் போலத்தான். கூடத்து மேசையில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். ஒருநாள் நலம் விசாரிக்க வந்திருந்த உறவுப் பெண்ணின் குழந்தை, பொம்மைப் படம் பார்க்கிறேன் என்று அதை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போயிற்று. மனைவி எட்டிப் பார்த்தவள், கையை உயர்த்தக்கூட முடியாத நிலையிலும் பாய்ந்து பிடுங்கினாள். குழந்தை அழுதது. வந்தவள் முகம் சுண்டிவிட்டது.

"செல்லுல அப்படி என்னங்கக்கா பொன்னா இருக்குது? கொழந்ததானே" என்றாள் அவள்.

"கொழந்ததான் கண்ணு. கண்ணுக்கு வயசு உண்டா" என்றாள் என் மனைவி.

அன்று மாலை அவள் கட்டைப் பிரிக்க விடவில்லை. படம் எடுக்கக் கூடாது என்றாள். மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் காயத்தின் ஓரத்தில் நீர் வடிந்து துணி நனைந்திருந்தது. செவிலியர் அழைத்து, படம் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"நானும் எங்கம்மா மாதரயே போயிர்றேனுங்க. ஆனா அதப் படம் புடிச்சு நாலு பேரு பாக்க வேண்டாம்" என்றாள் மனைவி.

நான் மாடிக்குப் போனேன். மருமகள் அங்கிருந்தபடியே பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்குக் கணினி வேலை செய்பவள். மாமனார் மருமகளிடம் பேசக்கூடிய செய்தி அல்ல இது. சுவரைப் பார்த்துக்கொண்டு, எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை அழைப்பதுபோல், "சாமி, ஒருத்தருங் கண்ணுல படாம படத்த வெச்சுக்கறதுக்கு வழி இருக்குதா?" என்று மட்டும் கேட்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு என்னோடு கீழே இறங்கி வந்தாள்.

அன்று அவள் செய்ததை இன்று நினைத்தாலும் மனம் கசிகிறது. கணினிக்கு முதுகைக் காட்டி, சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தபடி நின்றுகொண்டாள். சுட்டியை என் கையில் கொடுத்தாள். அவள் வாயால் சொல்லச் சொல்ல நான் செய்ய வேண்டும்.

"வலது பக்கம் மேல மூணு புள்ளி தெரியுதுங்களா மாமா?"

"தெரியுது சாமி."

"அத அழுத்துங்க. ஒரு பட்டியல் கீழ எறங்கும். என்ன வந்திருக்குதுன்னு படிங்க. படத்தப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம், எழுத்த மட்டும் படிங்க."

முதலில் ஒரு பேரிடி இறங்கியது. செல்பேசியில் எடுக்கும் படங்கள் அங்கேயே தங்குவதில்லை, தாமாகவே இணையத்தில் ஏறிச் சேமிப்பாகின்றன என்றாள். அந்தச் சேமிப்பு மகன் பெயரில் இருந்தது. செல்பேசியை வாங்கிக் கொடுத்தபோது அவன் தன் கணக்கைப் போட்டே கொடுத்திருந்தான். அறைக்குள் படுத்திருந்த மனைவி இதைக் கேட்டு முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள்.

"அத்தே, அவரு அதத் தெறந்து பாத்தவரில்லீங்க. டீசல் பில்லத் தவிர அவரு எதையும் தெறக்க மாட்டாரு. இப்பவே எடுத்துர்லாம்" என்று நாள்காட்டியிடம் சொன்னாள் மருமகள்.

அவள் சொன்னபடி அங்கிருந்த படங்களைக் கணினிக்கு இறக்கிவிட்டு, அங்கே அழித்தேன். அழித்தவை ஒரு குப்பைக்கூடையில் கிடக்குமாம். அதையும் காலி செய்தேன். இனி எந்தப் படமும் தானாக ஏறாதபடி செல்பேசியில் அதை நிறுத்தினோம். மருத்துவமனைக்கு அனுப்பிய உரையாடலிலிருந்தும் நீக்கினோம். பிறகு கணினிக்குள் ஒரு பூட்டறை உண்டாக்கச் சொல்லி, இறக்கிய படங்களை அதற்குள் போட வைத்தாள். திறவுச்சொல் இல்லாமல் திறந்தால் உள்ளே இருப்பது படமாகவே தெரியாது, பொருளற்ற எழுத்துக் குவியலாகத்தான் இருக்கும் என்றாள். கணினியையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனாலும் அப்படித்தானாம். வீட்டாரும் விருந்தினரும் பயன்படுத்தத் தனி வாசல் ஒன்றும், எனக்குத் தனி வாசல் ஒன்றும் அமைத்தாள். கணினி பழுதானால் படங்களும் போய்விடும் என்பதால் இன்னொரு நகலை ஹார்ட் டிஸ்க் எனும் சிறு வட்டுப் பெட்டியில் வைக்கச் சொன்னாள், அதற்கும் பூட்டோடு. அந்தப் பெட்டியைப் பூசை அறை அலமாரியில் வைத்தேன். குளிக்காமல் யாரும் தொடாத இடம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

திறவுச்சொல்லை நான் அடித்து முடித்ததும் மருமகள் சற்றுத் தயங்கினாள்.

"மாமா, என்னன்னு நான் கேக்கலீங்க. ஆனா அடிக்கறப்ப ராகம் போட்டு முணுமுணுத்தீங்க."

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"தெனமும் குளிச்சுட்டு வந்து பாடுவீங்களே, அந்த மொத அடிதானுங்களே? நம்ம வீதில பால் ஊத்தறவருக்குக்கூட அது மனப்பாடமுங்க. ஊருக்கெல்லாம் சாவியக் குடுத்துட்டு எதுக்குங் பூட்டு?"

அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கோவையிலிருந்து வந்த பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். வாழ்நாளெல்லாம் எனக்குக் காவலாக இருக்கும் அடி, இந்த ஒரு காரியத்துக்குக் காவலாகாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனைவி என்னை அருகில் அழைத்து, காதில் வேறொரு சொல் சொன்னாள். எந்தப் பாட்டிலும் இல்லாத சொல். எங்கள் இருவரைத் தவிர வேறெவரும் கேட்டிராதது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அன்று மாலை கட்டைப் பிரிக்க விட்டாள். "கோயில்ல அலங்காரம் பண்றப்பத் திரையப் போட்டுடறாங்கல்ல, அது மாதர இருக்கட்டும். உள்ள பூசாரி ஒருத்தரு. நீங்கதான்" என்றாள்.

அதன்பின் மாலைகள் ஒழுங்காக நடந்தன. சாளரத்தைச் சாத்தி, விளக்கைப் போட்டு, வெந்நீர் வைத்துக் கட்டைப் பிரிப்பேன். படம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பியதும் செல்பேசியைக் கணினியோடு இணைத்துப் படத்தைப் பூட்டறைக்குள் நகர்த்துவேன். பிறகு செல்பேசியில் அழிப்பேன். குப்பைக்கூடையையும் பார்ப்பேன். அவள் ஒவ்வொரு நாளும் கேட்பாள்: "உள்ள வெச்சுட்டீங்களா?" வைத்துவிட்டேன் என்பேன். அதற்குப் பிறகே சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடுவாள். காயம் ஆறியது. வரிசையாகப் படங்களைப் பார்த்த மருத்துவர் நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் என்றார்.

மருந்து ஏற்றத் தொடங்கினால் முடி உதிரும் என்றார்கள். உதிர்வதற்கு முன்னால் தானே கொடுத்துவிடுகிறேன் என்று மலைக்குப் போய் முடி இறக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் படத்திலும் நிற்கவில்லை. பேத்தியின் பிறந்தநாளில்கூடச் சமையலறையிலேயே இருந்துகொண்டாள். பூட்டறையில் இருந்த படங்களிலும் அவள் முகம் கிடையாது. காயம் மட்டும்தான். ஒன்றே ஒன்றைத் தவிர. மருந்து ஏறும் காலத்திலும் தழும்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்; அப்போது ஒருநாள் நான் செல்பேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, படம் விழவில்லையே என்று தட்டித் தடவிக்கொண்டிருந்தேன். என் தடுமாற்றத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். பின்னால் இருந்த பீரோக் கண்ணாடியில் அந்த முகம் விழுந்து, படத்தின் மூலையில் பதிந்துவிட்டது. முடியில்லாத தலை, குங்குமம், மேல்வரிசைப் பல் தெரியும் சிரிப்பு. நான் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். "இருந்துட்டுப் போகட்டும். உங்களப் பாத்துத்தானே சிரிச்சேன்" என்றாள்.

ஓராண்டு நன்றாக இருந்தாள். பிறகு நோய் எலும்புக்குப் போயிற்று. அண்ணனிடம் எலும்பில் ஏதோ நோய் என்று மட்டும் சொல்லச் சொன்னாள்.

கடைசியில் மருத்துவமனைப் படுக்கையில் வைத்து என்னிடம் ஒன்றே கேட்டாள். "அந்தப் படமெல்லாம் ஆரும் பாக்கக் கூடாதுங்க. பையன் பாக்கக் கூடாது. முக்கியமா எங்கண்ணன் பாக்கக் கூடாது. அம்மாவுக்கு ஆனதுதான் எனக்கும் ஆச்சுன்னு தெரிஞ்சா அண்ணன் தாங்காது. அது இருக்கற வரைக்கும் தெரிய வேண்டாம்."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் வாயால சொன்னாச் சொல்லிக்குங்க. நீங்க சொன்னா மறைச்சுத்தான் சொல்லுவீங்க. படம் மறைச்சுச் சொல்லாது."

ஆடி மாதத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

வீதி முனையில் வைத்த இரங்கல் பதாகைக்குப் படம் வேண்டும் என்று கேட்டபோது, நோய்க்கு முந்தைய ஆண்டில் ஒரு காதுகுத்துச் சீரில் எடுத்ததை மருமகள் கொடுத்தாள். நிறைந்த கொண்டையும் கனகாம்பரமுமாக அண்ணன் பக்கத்தில் நிற்கும் படம். அவளை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக அச்சிட்டார்கள். அண்ணன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்திறங்கியவர், அந்தப் பதாகைக்குக் கீழே நெடுநேரம் நின்றிருந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்.

கருமாதியன்று அவர் மருமகளிடம், "அம்முணி, பாப்பா படம் எத்தன இருக்குதோ அத்தனையும் எனக்கு ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடு" என்று கேட்டார். கூடம் நிறைய உறவினர். இலை போடத் தொடங்கியிருந்தார்கள். மருமகள் கணினியைத் திறந்தாள். பழைய பாடல் பதிவுகள் சிலவும் அவருக்கு வேண்டும் என்று நானே சொல்லியிருந்ததால், அவற்றை எடுக்க என் வாசல் வழியாக நான்தான் நுழைய வைத்தேன். அங்கே ஓரத்தில் பூட்டறையின் குறி தெரிந்தது.

"இது என்ன அம்முணி, பூட்டுப் படம் போட்டிருக்குது?"

"அது மாமாவோடதுங்க பெரியப்பா."

"தெற பாக்கலாம்."

"எனக்கும் தெறக்கத் தெரியாதுங்க."

நான் அருகே போனேன். "அதுல உங்களுக்குக் காட்டற மாதர ஒண்ணுமில்லீங்க மச்சான்."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங் மாப்ள பூட்டு?"

யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "சொத்துப் பத்திரமா இருக்குமுங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினார்.

"காதுகுத்துக்குப் பொறவு எடுத்த படத்துல எங்கயுமே எந்தங்கச்சி மூஞ்சி இல்ல. அத்தனையும் இதுக்குள்ளதான் இருக்குது. வந்தப்பெல்லாம் போர்வையப் போத்திட்டுப் படுத்திருந்தா. சரியாப் பாக்கக்கூட இல்ல நானு. படத்துலயாவது பாத்துக்கறேனுங்க."

"அவ கேட்டுக்கிட்டதுங்க மச்சான்."

"எங்கிட்டக் காட்டக் கூடாதுன்னா கேட்டுக்கிட்டா?"

அதைத்தான் அவள் கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்று சொன்னால் அவர் உடைந்து போவார், ஏன் என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் திறக்க வேண்டும். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். இறைவன் திருமுன் நிற்பதுபோல் அவர்முன் நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் எழுந்தார். "எந்தங்கச்சிய உங்களுக்குக் கட்டிக் குடுத்தேனுங்க மாப்ள. எழுதிக் குடுக்கல" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கென்று முதல் பந்தியில் இலை போட்டு நீர் தெளித்திருந்தார்கள். அதைத் தாண்டி வாசலுக்குப் போனார். கருமாதி வீட்டில் பிறந்த வீட்டார் இலையில் அமராமல் எழுந்து போவதென்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருமகள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு தெருவரை ஓடிப்போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தைப் பொங்கலுக்கு நான் சேந்தமங்கலம் போனபோது, தோட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். தோட்டத்துக்குப் போனால், இப்போதுதான் மலையடிவாரத்துப் பக்கம் போனார் என்றார்கள். கிணற்றடியில் அவர் செருப்பு கிடந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன். அவளுடைய ஆண்டுத் திதிக்கும் அவர் வரவில்லை. மகன் என்னிடம் கோபித்துக்கொண்டான். "அப்படி என்னங்கப்பா இருக்குது அதுல? மாமன் காலுல வுழுந்தாவது தெறந்து காட்டியிருக்கலாமுல்ல" என்றான். மருமகள் அவனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போனாள். என்ன சொன்னாளோ, அவன் மறுபடி கேட்கவில்லை.

இந்த ஆவணியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. சில வாரம் படுக்கையில் கிடந்தார். செய்தி எனக்குக் கடைசியில்தான் எட்டியது. நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, அவருடைய மனைவி என்னை உள்ளறைக்கு அழைத்தார். கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று அவருடைய தாயாரின் பழைய படம். மற்றது காதுகுத்துப் படம், கொண்டையும் கனகாம்பரமுமாக என் மனைவி. மருமகள் தெருவரை ஓடிக் கொடுத்த பென்டிரைவிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

"படுக்கைல வுழுந்த பொறவு இதையேதான் பாத்துட்டுக் கெடந்தாருங்கண்ணா" என்றார் அந்த அம்மையார். "'எங்கம்மாவ அள்ளித்தான் எடுத்தேன். பாப்பாவுக்கு அந்தக் கதி வல்ல. அவ முழுசாப் போய்ச் சேந்தா' ம்பாரு. உங்க மேல கோவந்தான் கடைசி வரைக்கும். அத மறைக்க மாட்டேன். ஆனா இதச் சொல்றப்ப மட்டும் மூஞ்சி தெளிஞ்சுரும்."

நான் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்தேன். அவர் என்னை வெறுத்தபடியே போனார். அவளை முழுமையாகப் பார்த்தபடியும் போனார். என் மனைவி கேட்டது இதைத்தான். அவள் கணக்கில் என் பங்கு இதுவாக இருந்தது போலும்.

வீடு திரும்பிய பிறகு ஓர் எண்ணம் விடாமல் வந்தது. எனக்குப் பின் இந்தக் கணினி என்னவாகும்? மகன் ஒருநாள் இதைக் கடைக்குக் கொண்டுபோவான். பூட்டு உடையாது என்றாள் மருமகள். ஆனால் பூட்டிய ஒன்று வீட்டில் இருந்தால் அதைச் சுற்றிக் கேள்வியும் இருக்கும். ஒரு பந்தியில் இலை காலியாகக் கிடந்தது போதும்.

புரட்டாசி அமாவாசையன்று நடுப்பகலில், குளித்து, அவளுக்குப் படைத்துக் காக்கைக்கு வைத்துவிட்டு வந்து கணினியின்முன் அமர்ந்தேன். மருமகளை அழைத்தேன். இந்த முறை அவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். அழிப்பது போதாது, அழித்த இடத்தின்மேல் வேறு எதையாவது எழுதி நிரப்ப வேண்டும், இல்லையென்றால் தோண்டி எடுக்க வல்லவர்கள் எடுப்பார்கள் என்றாள்.

"எதப் போட்டு நெரப்பறது சாமி?"

"எது வேணாலும் போடலாமுங்க மாமா. உங்க பாட்டையே போடுங்க. அதுதான் நெறைய இருக்குது."

அவள் காதில் சொன்ன சொல்லைக் கடைசி முறையாக அடித்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உள்ளே போனதும் படங்கள் சிறு சிறு கட்டங்களாக வரிசையில் நின்றன. கண்ணாடியில் அவள் சிரிக்கும் படமும் அவற்றுள் இருந்தது. அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று மனம் கெஞ்சியது. முகந்தானே, காயமில்லையே. சேந்தமங்கலத்துச் சுவரில் அதையும் மாட்டலாமே. அவள் முகம் முடியில்லாமலும் எத்தனை அழகு என்று நான் ஒருவனாவது யாருக்காவது சொல்ல வேண்டாமா. சுட்டியின்மேல் கை வைத்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. "உங்களப் பாத்துத்தானே சிரிச்சேன்" என்றாள் அல்லவா. பிறகு அதையும் மற்றவற்றோடு சேர்த்தேன். அழிக்கட்டுமா என்று கணினி ஒருமுறை கேட்டது. ஆகட்டும் என்றேன்.

பூசை அறையிலிருந்த வட்டுப் பெட்டியிலும் அவ்வாறே செய்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பாடல்களை அதற்குள் மேலும் மேலும் இட்டு, இடமே இல்லை என்று அது சொல்லும்வரை நிரப்பினோம்.

"முடிஞ்சுதுங்களா மாமா?" என்றாள் கதவுக்கு வெளியிலிருந்து.

"ஆச்சு சாமி."

பதிவுகள் சரியாக ஏறினவா என்று பார்க்க ஒன்றைப் பாடவிட்டேன். நோய்க்கு முந்தைய காலத்துப் பதிவு. எங்கள் குரல்கள் ஏறி இறங்கி, ஓர் அடியின் முடிவில் ஓய்கின்றன. அந்த இடைவெளியில், தொலைவில் சமையலறைப் பக்கமிருந்து, "காப்பி ஆறிப் போவுதுங்க, எல்லாரும் சித்த எந்திரிங்க" என்று அவள் குரல் கேட்கிறது. அன்று அது பதிவைக் கெடுத்துவிட்டது என்று நான் குறைபட்டிருக்கிறேன். இப்போது அது அந்தப் பெட்டியில் இருக்கிறது. பூட்டில்லை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

அவள் சொன்னபடி அண்ணன் இருக்கும்வரை காத்திருந்தேன். இப்போது மறைத்தே சொல்லியிருக்கிறேன் என்று நம்புகிறேன். வெட்கத்தால் நோயை ஒளித்து வைக்கும் பெண் ஒருத்தியின் வீட்டார் இதைப் படிக்க நேர்ந்தால், படத்தைப் பூட்டி வைக்க வழி உண்டு, உடலைப் பூட்டி வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதற்காகவே எழுதினேன்.

மலையிலிருந்து மருமகள் இறங்கி வரும் நேரம். பாதியாய் நின்றும் குறையாத அம்மையப்பர், இதைப் படிக்கும் உங்கள் வீடுகளில் நோய் அணுகாமல் காக்கட்டும். மூடி வைத்தது மூடியபடியே இருக்க, அதைக் காக்கும் துணை ஒருவர் உங்கள் ஒவ்வொருவருக்கும் வாய்க்கட்டும். உங்கள் பந்திகளில் எந்த இலையும் காலியாகாமல் இருக்கட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள்.